ஒரே கப்பலில் இருவர்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் நோக்கி ஓடும் மின்சார வண்டியில் நாள்தோறும் ஆயிரமாயிரம் மக்கள் பயணம் செய்கின்றனர். கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை என்று வரிசையாக நிலையங்கள் வருகின்றன. தாம்பரத்தை அடையுமுன் இன்னும் ஒரு நிலையம் வருகிறது. அதன் பெயர் தாம்பரம் சானடோரியம். அது கோயிலின் பெயரன்று; மன்னனின் பெயரன்று; மகானின் பெயருமன்று. நோயாளிகள் தங்கி நலம்பெறும் இல்லத்தின் பெயர்! ஊர்தோறும் தெய்வங்களின் பெயர்களைச் சூட்டி மகிழும் நாட்டில், ஒரு மருத்துவமனை தன் பெயரை இரயில் நிலையத்துக்கு வழங்கியிருக்கிறது.

அந்த மருத்துவமனையை எழுப்பியவர் யார்? அவர் எங்கே கற்றார்? கற்றதை ஏன் இங்கே கொணர்ந்தார்? இவற்றைத் தேடிப் புகுந்தால், வரலாறு நம்மை ஒரு கப்பலின் மேல்தளத்திற்கு அழைத்துச் செல்கிறது.

1914-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள். சென்னைத் துறைமுகத்திலிருந்து நெவாசா என்னும் கப்பல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. அதிலே இரு தமிழர்கள் இருந்தனர். ஒருவர் உலகம் அறிந்தவர்: கணித மேதை இராமானுசன். மற்றவரைச் சொந்த நாடே மறந்துவிட்டது: மருத்துவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து. முன்னவர் துறைமுகக் கணக்கராக மாதம் 30 ரூபாய் ஊதியம் பெற்றவர். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த 75 ரூபாய் உதவித்தொகையில் ஆராய்ச்சி செய்தவர். முதன்முறையாகக் கடல் கடக்கிறார். பின்னவர் இங்கிலாந்தில் வாழ்ந்து, அங்கே எலும்புருக்கி நோயாளிகளுக்கென மருத்துவ இல்லம் நடத்திவந்தவர். பழகிய பாதையில் திரும்பிச் செல்கிறார்.

ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே மொழி. ஆனால், இருவரும் சுமந்து சென்ற சுமை ஒன்றன்று. முத்து கிறித்துவர், கடல் கடந்தால் சாதி கெடும் என்று அவரைத் தடுக்க எவருமில்லை. இராமானுசனோ வைதிக வைணவக் குடும்பத்துப் பிள்ளை. அவர் பெட்டியில் புதிய ஐரோப்பிய உடைகள் இருந்தன. நெஞ்சிலோ பல நூற்றாண்டுப் பழமை கொண்ட அச்சம் இருந்தது.

தடை எவருக்கு?

கடல் கடத்தல் பாவம் என்பது வெறும் பாட்டி பேச்சன்று. எழுதி வைத்த சட்டம். சாதியிலிருந்து ஒருவனை வீழ்த்தும் குற்றங்களை அடுக்கும் பௌதாயன தரும சூத்திரம், கடற்பயணத்தையே முதலில் வைக்கிறது. கடற்பயணம் செய்தவனைத் திதிக்கு அழைக்கலாகாது என்கிறது மனுநூல். ஏட்டிலே கிடந்த இந்த விதி பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் உயிரோடு உலவியது. 1888-இல் சட்டம் பயில இலண்டனுக்குப் புறப்பட்ட காந்தியாரைப் பம்பாயில் அவருடைய சாதிக் கூட்டம் விலக்கி வைத்தது. 1891-இல் அவர் திரும்பியதும், தமையனார் அவரை நாசிக்குக்கு அழைத்துச் சென்று ஆற்றில் முழுகச் செய்தார். பின்னர்ச் சாதியாருக்கு விருந்தும் வைத்தார். பாரிஸ்டர் பட்டம் பெற்று வந்தவருக்கும் ஆற்று நீர் வேண்டியிருந்தது!

தோழர்களே, இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் இதே சென்னைத் துறையிலிருந்து துரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. அதிலே ஏறியவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஏழை மக்கள். மொரீசுக்கும், மலேயாவுக்கும், பீசிக்கும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்ற தமிழர்கள் இலட்சக்கணக்கானோர். அவர்களைக் கரையில் நிறுத்திச் சாத்திரம் காட்டித் தடுத்தவர் யார்? பனியிலும் சேற்றிலும் உழைத்து மடியச் செல்பவனுக்குக் கடல் திறந்தே கிடந்தது. படிக்கச் செல்ல விரும்பும் மேற்குலத்தானுக்குத்தான் அது பாவக் கடலாயிற்று. இழப்பதற்குச் சாதி உயர்வு இருந்தவனுக்கே தடை. இழக்க ஏதுமில்லாதவனைப் பற்றிச் சாத்திரம் கவலை கொள்ளவில்லை. கடலின் உப்பு அன்று, உயர்வின் பெருமையே அங்கே காக்கப்பட்டது.

தமிழனுக்கோ கடல் புதிதன்று. முசிறியிலிருந்து மிளகு உரோமாபுரிக்குச் சென்றது. அரிக்கமேட்டு மண்ணில் உரோமானிய மட்கலங்கள் கிடைத்தன. சோழர் கலங்கள் கடாரம் வரை சென்றன. கடலோடிய இனத்தின் பிள்ளைக்குக் கடலை அஞ்சக் கற்றுக்கொடுத்தது எது என்பதை இளைஞர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

குடுமியும் கனவும்

1913-ஆம் ஆண்டு சனவரி 16-இல் இராமானுசன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கடிதத்திலிருந்த தேற்றங்களைக் கண்டு வியந்த ஹார்டி அவரை இங்கிலாந்துக்கு அழைத்தார். இராமானுசன் இசையவில்லை. காரணம், சாதிக் கட்டுப்பாடும் தாயின் மறுப்புமே. ஓராண்டு வீணாயிற்று. முப்பத்திரண்டே ஆண்டுகள் வாழ்ந்த ஒருவருக்கு ஓராண்டு என்பது என்ன விலை பெறும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்!

1914-இன் தொடக்கத்தில் நெவில் என்னும் இளம் கணித அறிஞர் சென்னைக்கு வந்தபோது நிலைமை மாறியிருந்தது. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றி இசைவளித்ததாகவும், அதனால் தாய் தடையை நீக்கியதாகவும் இராமானுசன் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். தெய்வத்தின் பேரால் போட்ட பூட்டைத் திறக்கத் தெய்வத்தின் பேராலேயே திறவுகோல் தேவைப்பட்டது. ஆனால், கனவு கப்பற்கட்டணம் கொடுக்கவில்லை! சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும், பயணத்துக்கும் உடைக்குமாக 100 பவுனும் தந்தது. அவற்றைப் பெற்றுத்தர நெவிலும் சென்னையிலிருந்த அறிஞர்களும் முயன்றனர். வாயிலைத் திறந்தது மனிதர் முயற்சியே.

புறப்படுமுன் அவர் குடுமி வெட்டப்பட்டது. கால்சட்டையும் கழுத்துப்பட்டையும் அணியக் கற்றார். அந்தக் கோலத்தில் தம்மைக் காணவேண்டாமென்று தாயையும் மனைவியையும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு அனுப்பிவைத்தார். அறிவைத் தேடிப் போகிறவன், குற்றம் செய்துவிட்டு ஊரைவிட்டு ஓடுகிறவனைப்போல ஒளிந்து போகவேண்டியிருந்த நிலையை என்னவென்பது!

குளிர்ந்த அறை

ஏப்ரல் 14-இல் அவர் இலண்டனை அடைந்தார். சில நாட்களில் கேம்பிரிட்ஜ் சென்றார். டிரினிட்டிக் கல்லூரி அவரை ஏற்றது. புதிய நாட்டில் அவரை வாட்டியவை பெரிய தத்துவச் சிக்கல்கள் அல்ல. உணவும் உறக்கமும் குளிருமே.

அங்கே பயின்ற மகலனோபிசு பின்னாளில் எழுதிவைத்த செய்தி ஒன்றுண்டு. இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய அதே மகலனோபிசுதான். ஒருநாள் அவர் இராமானுசனின் அறைக்குச் சென்றபோது, இரவில் குளிர் தாங்காமல் மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்துக்கொண்டு உறங்குவதாக இராமானுசன் கூறினார். கட்டிலிலே கம்பளிகள் இருந்தன! மெத்தையின் ஓரங்களில் அவை இறுகச் செருகி விரிக்கப்பட்டிருந்தமையால், அவற்றின் உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. எவரும் சொல்லவுமில்லை. முடிவிலியைக் கையில் வைத்து விளையாடிய மூளைக்குப் போர்வை விரிக்கும் முறை தெரியவில்லை என்று நகைக்கலாகாது. புதிய பண்பாடு என்பது இத்தகைய சிறு செய்திகளால்தான் ஆகியிருக்கிறது. ஒருவர் காட்டிக்கொடுத்தால் ஒரு நொடியில் தீரும். காட்ட ஆளில்லையேல் மாதக்கணக்கில் நடுங்க நேரும்.

உணவோ இதனினும் கடுமையாயிற்று. அவர் மரக்கறி உணவினர். பிறர் சமைத்ததை உண்ணத் தயங்கினார். தாமே அறையில் சமைத்தார். புளியும் தேங்காய் எண்ணெயும் அனுப்புமாறு ஊர் நண்பருக்கு எழுதினார். 1914 ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது; பொருள்கள் அருகின. டிரினிட்டியில் மாணவரும் ஆசிரியரும் ஒன்றுகூடும் இடம் உணவுக்கூடமே. பேச்சும் நட்பும் அங்கேதான் மலரும். அந்தக் கூடத்தில் அவர் அமரவில்லை. நினைத்தபோது சமைப்பதும், நினைத்தபோது உறங்குவதுமாக நாட்கள் கழிந்தன. ஊரிலிருந்தும் ஆறுதல் வரவில்லை. மனைவி ஜானகி எழுதிய கடிதங்கள் மாமியாரின் கையைத் தாண்டிக் கணவரை எட்டவில்லை.

மரக்கறி உண்பதை நாம் குறைகூறவில்லை. நாக்குக்குப் பழகியதை உண்ண எவருக்கும் உரிமை உண்டு. ஒருவன் புளிச்சோற்றை நாடுவது சுவை. பிறன் கை பட்டது தீட்டு என்று ஒதுங்குவது சாதி. முன்னது மனிதனோடு கடல் கடக்கலாம். பின்னது கரையிலேயே கழற்றி எறியப்பட வேண்டியது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பின்னி, பிரிக்க முடியாதபடி ஓர் இளைஞனின் தலையில் ஏற்றிவைத்ததுதான் வைதிகம் செய்த கொடுமை.

ஐரோப்பியச் சமுதாயமும் குற்றமற்றதன்று. மூளையை வரவேற்க முந்திய அந்தப் பல்கலைக்கழகம், அம்மூளையைத் தாங்கிய உடல் என்ன உண்கிறது, எப்படி உறங்குகிறது என்று கேட்க மறந்தது. ஹார்டியும் இராமானுசனும் நாள்தோறும் சந்தித்துக் கணிதம் பேசினர். கணிதத்திற்கு அப்பாலிருந்த மனிதனின் தனிமை பல நாள் கவனிக்கப்படாமலே போயிற்று.

மீண்டும் சந்திப்பு

1917-இல் இராமானுசன் நோயுற்றார். எலும்புருக்கி நோய் என்றனர் மருத்துவர்கள். அவ்வாண்டின் பிற்பகுதியில், சாமர்செட் மாவட்டத்து மெண்டிப் மலையிலிருந்த மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டார். அதை நடத்தியவர் எவர்? நெவாசாக் கப்பலில் உடன் வந்த சௌரிமுத்து! மூன்று ஆண்டுகளுக்கு முன் கடலில் சந்தித்த இரு தமிழரும் அன்னிய நாட்டு மலையொன்றில் மருத்துவராகவும் நோயாளியாகவும் மீண்டும் சந்தித்தனர்.

இராமானுசன் அங்கே நெடுநாள் தங்கவில்லை. டெர்பிஷயரில் மாட்லக் என்னும் ஊரிலிருந்த இல்லத்துக்கு மாறினார். 1918 தொடக்கத்தில், மனமுடைந்து, தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். அதே ஆண்டில் அரசக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்வு பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமையும் அவரை அடைந்தது. புகழ் உச்சியில் ஏறியபோது உடல் அடிவாரத்தில் கிடந்தது.

அவர் நோய்க்குச் சாதியே காரணம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பகுத்தறிவாகாது. 1994-இல் பழைய குறிப்புகளை ஆராய்ந்த மருத்துவர் ஒருவர், அது எலும்புருக்கியன்று, இந்தியாவிலேயே தொற்றிய வயிற்றுக்கடுப்பின் விளைவான ஈரல் நோய் ஆகலாம் என்று கருதினார். ஆனால், நோயுற்ற ஒருவனைத் தனிமை எவ்வளவு நலியச் செய்யும் என்பதை அறிய மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை.

1919 மார்ச்சில் அவர் பம்பாய் வந்திறங்கினார். 1920 ஏப்ரல் 26-இல் சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். உலகம் போற்றிய அந்த மேதையின் இறுதிச் சடங்கிற்கு வைதிக உறவினருட் பெரும்பாலோர் வரவில்லை. கடல் கடந்த தீட்டைப் போக்க இராமேசுவரம் சென்று அவர் முழுகவில்லையாம்! படுக்கையிலிருந்து எழ முடியாதவன் எவ்வாறு சேதுவுக்குச் செல்வான் என்று கேட்க சாத்திரத்துக்கு நெஞ்சில்லை. இங்கிலாந்தின் குளிர் அவரை நடுங்கச் செய்தது. சொந்த ஊரின் குளிரோ சிதை வரை விடவில்லை.

தாம்பரத்தில் முளைத்த விதை

இனி மற்றவர் கதைக்கு வருவோம். சௌரிமுத்து இங்கிலாந்திலேயே வளமாக வாழ்ந்திருக்கலாம். அவர் 1928-இல் தாம்பரத்தில், நகரத்தின் புகையும் நெரிசலும் எட்டாத அக்காலத்துக் காட்டு வெளியில், எலும்புருக்கி நோயாளிகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். படுக்கைகள் 12. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு என்பவையே அன்றைய மருத்துவம். நோயை முறியடிக்கும் மருந்து அப்போது உலகில் இல்லை. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் இல்லத்தை மாகாண அரசு ஏற்றது. அதே 1937-இல்தான் சென்னைக் கிறித்துவக் கல்லூரி சார்ச்சு டவுனிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் அந்த இல்லம் நெஞ்சக நோய்களுக்கான அரசுப் பெருமருத்துவமனையாக வளர்ந்தது. எயிட்சு நோயாளிகளை ஊரார் ஒதுக்கிய காலத்தில் அவர்களுக்கும் அது புகலிடமாயிற்று.

அறிவியலின் மாண்பையும் இங்கே காணலாம். 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ ஆய்வு மையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருத்துவ இல்லத்திலும் மறு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்துப் புதிய மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தோரும் அதேபோலக் குணமடைந்தனர். 1959-இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் மருத்துவ முறையையே மாற்றியது. மலைக்காற்றும் தனி இல்லமும் கட்டாயமல்ல என்று அறிவியல் தன் பழைய கருத்தைத் தானே திருத்திக்கொண்டது. அதற்காக அது வெட்கப்படவில்லை. எவரையும் விலக்கி வைக்கவுமில்லை. காலம் மாறியும் ஒரெழுத்தையும் திருத்திக்கொள்ளாத சாத்திரத்தை இதனருகில் நிறுத்திப் பாருங்கள்!

கடல் கடந்து கற்றதைச் சொந்த மண்ணில் விதைத்தவர் முத்து ஒருவர் மட்டுமல்லர். எடின்பரோவில் மருத்துவம் பயின்ற டாக்டர் டி. எம். நாயர், திரும்பிவந்து நீதிக்கட்சியை நிறுவியோருள் ஒருவரானார். தேவதாசி மரபில் வந்த தாயின் மகளான முத்துலட்சுமி அம்மையார் 1925-இல் மேற்பயிற்சிக்காக இலண்டன் சென்றார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் எழுந்தது. பெரியார் 1931-இல், 52-ஆம் வயதில், பட்டம் பெறுவதற்காக அன்று, மக்கள் வாழும் வகையைக் காண்பதற்காக ஐரோப்பா சென்றார்; கண்டதை ஊர் ஊராகச் சொன்னார்.

எது புதிய பண்பாடு?

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வு இக்கேள்விக்கு விடை தருகிறது. 1913-இல் பரோடா மன்னரின் உதவியால் நியூயார்க்குக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பிறரோடு ஒன்றாக உண்டார், ஒன்றாகத் தங்கினார், தீட்டு என்று எவரும் விலகவில்லை. 1917-இல் பரோடாவுக்குப் பணியாற்ற வந்தபோது, தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் தங்கியவரைத் தடிகளுடன் வந்து வெளியேற்றினர். அலுவலகத்தில் ஏவலர்கள் கோப்புகளை எட்டி நின்று வீசினர். அவருக்கு அன்னிய நாடு எது? பழக முடியாத பண்பாடு எது? மொழியும் உணவும் குளிரும் வேறான நியூயார்க்கா, தாய்நாட்டுப் பரோடாவா?

இராமானுசனுக்கு மேலை நாடு கூண்டாகத் தோன்றியது. அம்பேத்கருக்கு அது கதவாகத் தோன்றியது. இருவர் கண்டதும் ஏறத்தாழ ஒரே உலகந்தான். ஒருவரைச் சாதி உயரத்தில் கட்டிவைத்தது. மற்றவரைத் தாழ்வில் கட்டிவைத்தது. கட்டு ஒன்றே!

இன்று மீனம்பாக்கத்திலிருந்து நள்ளிரவு விமானங்களில் தமிழ் மாணவர்கள் புறப்படுகின்றனர். தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் பிறந்து, தம் குலத்திலேயே முதன்முதல் கல்லூரி கண்டவர்களும் அவர்களுள் உண்டு. எவரும் இன்று இராமேசுவரத்தில் முழுகச் சொல்வதில்லை. இவ்வெற்றி தானாக வந்ததன்று. அறிவியக்கமும் கல்வியும் இடைவிடாது போராடிப் பெற்றது. ஆயினும், போர் முடிந்துவிட்டதென்று உறங்கலாகாது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. ஏன்? கடல் கடந்தால் சாதி கெடும் என்று அஞ்சினார்கள் அன்று. சாதி கெடாமலே கடல் கடந்துவிட்டது என்பதை மெய்ப்பிக்கிறது இன்று! பெயரைக் கேட்டு ஊரைக் கேட்பதும், ஊரைக் கேட்டுக் குலத்தை மோப்பம் பிடிப்பதும் அங்கும் நடக்கின்றன.

ஆகவே, புறப்படும் இளைஞனுக்கும் இளைஞிக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுதான். புளியை எடுத்துச் செல்லுங்கள். தமிழை எடுத்துச் செல்லுங்கள். குலப்பெருமையை எடுத்துச் செல்லாதீர்கள். தெரியாததைக் கேட்க வெட்கப்படாதீர்கள். பொதுக்கூடத்தில் பிறரோடு அமர்ந்து உண்ணுங்கள். உண்பது எதுவாயினும் உடன் அமர்வதே பெரிது. அடுத்த அறையில் புதிதாக வந்தவன் நடுங்குகிறானா என்று கதவைத் தட்டிக் கேளுங்கள். அங்கு உங்களை நிறத்தால் தாழ்த்துவோரை எதிர்த்து நிற்கும் நீங்கள், உடன் வந்தவனைப் பிறப்பால் தாழ்த்தாதிருங்கள்.

பெற்றோருக்கும் ஊருக்கும் ஒரு சொல். மாறி வந்த பிள்ளையைப் பழைய அளவுகோலால் அளக்காதீர்கள். கற்றவன் கொண்டுவருவது பணம் மட்டுமாயின் அது ஒரு வீட்டுக்குள் அடங்கும். அறிவாயின், 12 படுக்கைகளில் தொடங்கி ஒரு நாட்டுக்கே நிழல் தரும். அந்த நிழலில் ஒதுங்கி மூச்சு வாங்கிய ஏழை எவனும், இதை எழுப்பியவன் கடல் கடந்தவனா, கழுவாய் செய்தவனா என்று கேட்டதில்லை. கேட்கும் வழக்கம் எஞ்சியிருக்குமிடமெல்லாம் நமக்கு வேலை இருக்கிறது.